20-ஆல வகுத்துப் பாருங்க, க²+5ச² ஆகுமான்னு தெரிஞ்சிடும்

4-ஆல வகுத்தா 1 மீதி வர்ற பகா எண் எல்லாமே ரெண்டு வர்க்கத்தோட கூட்டல்னு (13 = 9+4) பிரெஞ்சு கணித அறிஞர் ஃபெர்மா 1640-லயே மெர்சென்ங்கிற இன்னொரு அறிஞருக்கு லெட்டர் போட்டுட்டார். அது பழசு, விடுங்க. எந்தப் பகா எண்ணை க²+5ச²-ன்னு எழுதலாம்ங்கிறதுலதான் ஆட்டமே இருக்கு. க, ச முழு எண்கள், எக்ஸ் ஒய் மாதிரி. 2, 5 ரெண்டு பகா எண்ணையும் தனியா வச்சிடுங்க.

முதல்ல கையால போட்டுப் பாருங்க. 29 எடுத்தா, ச=1-க்கு 29-5=24, வர்க்கம் இல்ல. ச=2-க்கு 29-20=9, அதாவது 3², முடிஞ்சுது. 23-க்கு ச=1 வச்சா 18, ச=2 வச்சா 3, ரெண்டும் தேறல. ஏன்னா வர்க்கத்தை 4-ஆல வகுத்தா மீதி 0 இல்லேன்னா 1 தான், அதனால க²+5ச²-க்கு மீதி 3 வரவே வராது, ஆனா 23-க்கு 3 தான் மீதி.

அப்ப 23 எங்க போச்சு? ஸ்கூல்ல படிச்ச தன்மைகாட்டியை எடுங்க. க², கச, ச² மூணுக்கும் முன்னாடி நிக்கிற எண்களை முதல், நடு, கடைசி எண்னு வச்சுக்கோங்க (நம்மளுக்கு 1, 0, 5). தன்மைகாட்டின்னா நடு எண்ணோட வர்க்கம் கழித்தல் முதல் எண், கடைசி எண் பெருக்கலோட 4 மடங்கு. நம்மளுக்கு அது -20. அதே -20 வர்ற வேற வடிவத்தைத் தேடணும், ஆனா கணித அறிஞர் லக்ராஞ்ச் போட்ட கண்டிஷன்படி நடு எண் (குறியை விட்டுட்டு) முதல் எண்ணைத் தாண்டக்கூடாது, முதல் எண் கடைசி எண்ணைத் தாண்டக்கூடாது. அப்படின்னா முதல் எண் 1 இல்ல 2 தான். 1-க்கு நம்ம பழைய வடிவமே. 2-க்கு நடு எண் 0 வச்சா கடைசி எண் 2.5 வருது, தூக்கிப் போடுங்க, 2 வச்சா (4+20)/8 = 3. கிடைச்சிருச்சு: 2க²+2கச+3ச². க=-1, ச=3 போடுங்க, 2-6+27 = 23!

இப்ப ரூல் (பகா எண்ணுக்கு மட்டும்): 20-ஆல வகுத்து மீதி 1, 9 வந்தா முதல் வடிவம் (41 = 36+5), 3, 7 வந்தா ரெண்டாவது (43 = 32+8+3), வேற மீதின்னா ரெண்டுலயும் இல்ல. இன்னொரு அழகு, ரெண்டாவது வகைப் பகா எண்கள்ல ரெண்டைப் பெருக்கினா முதல் வடிவத்துக்கு வந்துடும், 7×23 = 161 = 6²+5×5². ஃபெர்மா இதைக் கவனிச்சார், நிரூபிச்சது லக்ராஞ்ச்.

ஆனா இதே ட்ரிக்கை க²+14ச²-ல போட்டுடாதீங்க. 23, 79 ரெண்டையும் 56-ஆல வகுத்தா மீதி 23 தான், ஆனா 23 = 3²+14, 79-க்கு அப்படி வராது, அது 2×6²+7-ன்னு வேற வடிவத்துல போய் உக்காருது. மீதியால இதைப் பிரிக்கவே முடியாது, (க²+1)²-8 அந்த பகா எண்ணால வகுபடுற மாதிரி க இருக்கான்னு பாக்கணும். 23-க்கு க=3 போட்டா 92, அதாவது 4×23. 79-க்கு 0-ல இருந்து 78 வரைக்கும் எதைப் போட்டாலும் வகுபடாது.