வெங்காய வேர் நுனியில் செல் பிரிவைப் பார்ப்பது எப்படி

மேல்நிலை வகுப்புக்குத் தாவரவியல் எடுக்கத் தொடங்கிய நாள் முதல், ஆண்டுக்கு ஒருமுறை என் மேசையில் வெங்காயம் வேர்விடும். மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்ததும் பிள்ளைகள் பாடநூலில் இருக்கும், குரோமோசோம்கள் நடுவில் வரிசைகட்டி நிற்கும் மெட்டாஃபேஸ் நிலையின் படத்தைத் தேடுவார்கள். அது அகப்படாவிட்டால் "ஸ்லைடு சரியில்லை டீச்சர்" என்று கையை எடுத்துவிடுவார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தேடாதீர்கள், எண்ணுங்கள்.

முதலில் வெங்காயம். பெரியதோ சின்னதோ, இரண்டுக்கும் செல்லுக்கு 16 குரோமோசோம்கள்தான். அடியில் காய்ந்து நார்போல் நிற்கும் பழைய வேர்களைப் பிளேடால் மழித்துவிடுங்கள். அடித்தட்டில் காயம் படக்கூடாது. வாய் குறுகிய பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, அடிப்பாகம் மட்டும் நீரைத் தொடும்படி உட்காரவையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். நாலைந்து நாளில் 2 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெள்ளை வேர்கள் தொங்கும்.

காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் வேர் நுனிகளை வெட்டி, வெட்டிய கையோடு மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் போட்டுவிடுங்கள். எந்தச் செல் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே உறைந்துபோகும். ஒரு நாள் அப்படியே விட்டுவிட வேண்டும். வெட்டிய வேரைத் தட்டில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் நிலைகள் கலைந்துவிடும்.

மறுநாள் ஒரு வேரை எடுத்துக் கழுவி ஸ்லைடில் வையுங்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு, அசிட்டோகார்மைன் என்னும் சிவப்புச் சாயம் இரண்டு மூன்று சொட்டு. ஸ்பிரிட் விளக்கின் மேல் ஸ்லைடை முன்னும் பின்னுமாக ஓட்டி இளஞ்சூடாக்குங்கள். புறங்கையில் வைத்தால் பொறுக்கும் சூடு போதும், கொதித்தால் எல்லாம் பாழ். ஐந்து பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் வேரின் கடைசி ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் அடர் சிவப்பாக இருக்கும். செல்கள் பிரியும் இடம் அதுதான். மற்றதை வெட்டி எறிந்துவிடுங்கள். எனக்கும் முதல் சில ஆண்டுகள் இதற்கு மனம் வரவில்லை, முழு வேரையும் நசுக்கி நீளநீளமான செல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை பிரிவதை நிறுத்திவிட்டு நீளத் தொடங்கியவை.

ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கவர்ஸ்லிப்பை மூடி, பென்சிலின் பின்முனையால் மெல்லத் தட்டுங்கள். சிவந்த நுனி மேகம்போல் பரவும். பிறகு மையொற்றும் தாளை மேலே போட்டுக் கட்டைவிரலால் நேர் கீழாக அழுத்துங்கள். கவர்ஸ்லிப் பக்கவாட்டில் இம்மி நகர்ந்தாலும் செல்கள் உருண்டு சுருண்டுவிடும்.

குறைந்த உருப்பெருக்கத்தில் சதுரமான செல்கள் நெருங்கியிருக்கும் இடத்தைப் பிடித்துவிட்டு 40 மடங்கு லென்ஸுக்குப் போங்கள். குரோமோசோம்கள் நூல்கண்டு பிரிந்ததுபோல் இருப்பது புரோஃபேஸ். நடுவில் வரிசைகட்டி நிற்பது மெட்டாஃபேஸ். வளைந்த முனையை முன்னே நீட்டி இரு துருவங்களுக்கும் இழுபடுவது அனாஃபேஸ். இரண்டு திரள்களுக்கு நடுவே மெல்லிய சுவர் எழுவது டீலோஃபேஸ். மற்றவற்றில் எல்லாம் வட்டமான நியூக்ளியஸ் சும்மா இருப்பதுபோல் தோன்றும்.

அவை சும்மா இல்லை. ஜி1 கட்டத்தில் செல் புரதம் சேர்த்துப் பருக்கிறது, எஸ் கட்டத்தில் டிஎன்ஏவை இரட்டிக்கிறது, ஜி2 கட்டத்தில் பிரிவுக்கு ஆயத்தமாகிறது. இருநூறு செல்களை எண்ணி அதில் இருபது பிரிந்துகொண்டிருந்தால் பத்து சதவீதம். ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவு வரையான சுழற்சி முழுவதும் 20 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், அதே விகிதத்தில் பிரிவுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம், மீதி பதினெட்டும் வளர்ச்சிக்கும் ஆயத்தத்துக்கும். கடிகாரம் இல்லாமலே நேரத்தை அளந்துவிட்டீர்கள்.

அனாஃபேஸ் செல்கள் ஏன் அத்தனை அரிது என்பதற்கும் இந்த எண்ணிக்கையே வழிகாட்டும். ஒவ்வொரு குரோமோசோமும், அதைத் துருவங்களுக்கு இழுக்கும் இரு பக்கக் கதிர் இழைகளிலும் மாட்டிக்கொள்ளும்வரை செல் காத்திருக்கும். ஒன்று பாக்கி என்றாலும் அனுமதி இல்லை. கடைசி ஒன்றும் மாட்டியதும் பிடி விடுபட, பிரிதல் சட்டென்று முடிந்துவிடும். இப்படி ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளிவிடும் நொதிகளை முடுக்குபவை சைக்ளின் என்னும் புரதங்கள். ஒவ்வொரு சுழற்சியிலும் சேர்ந்து, வேலை முடிந்ததும் சிதைக்கப்படும். 1982இல் டிம் ஹன்ட் என்னும் விஞ்ஞானி கடல் முள்ளெலி முட்டைகளில் இந்த ஏற்ற இறக்கத்தைக் கண்டார். செல் சுழற்சியை ஆராய்ந்த லீலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ் இருவரோடும் அவருக்கு 2001இல் நோபல் பரிசு கிடைத்தது.

கதிர் இழைகள் உருவாகாமல் தடுத்தால் செல்கள் மெட்டாஃபேஸிலேயே தேங்கிவிடும். அப்படித் தடுக்கும் கோல்சிசின் என்னும் வேதிப்பொருள் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிரிடும் செங்காந்தளில் இருக்கிறது. "அந்த விதையை ஊறவைத்துப் பார்க்கலாமா டீச்சர்?" என்று யாராவது கேட்காத ஆண்டே இல்லை. கூடவே கூடாது, அது உயிரைக் கொல்லும் நஞ்சு.

மிச்சமான வேர்களை 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றித் தேதி எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்கு உதவும். ரெக்கார்டு நோட்டில் நான்கு நிலைகளோடு, அந்தச் "சும்மா" செல் ஒன்றையும் வரைந்து, பக்கத்தில் நீங்கள் எண்ணிய எண்ணை எழுதுங்கள். நான் மதிப்பெண் போடும்போது முதலில் பார்ப்பது அதைத்தான்.