ஆறு சுவிட்சுகளைப் பெட்டியில் அடுக்குவதற்கு முன்

விடுமுறைக்கு ஊருக்கு வந்து, பாபநாசத்துக்கு அருகில் குடமுருட்டிக் கரையோரம் உள்ள எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அடுத்த மாதம் வேலைக்காக லண்டனுக்குப் புறப்படும் எங்கள் தெருப் பையன் ஒருவன், கும்பகோணத்தில் வாங்கிய, விளக்கைப் போனிலிருந்தே இயக்கும் ஆறு ஸ்மார்ட் சுவிட்சுகளைக் கொண்டுவந்து காட்டி, “அண்ணே, அங்க இதெல்லாம் விலை அதிகமாமே, எடுத்துக்கிட்டுப் போயிடவா?” என்று கேட்டான். நான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே கணக்கைப் போட்டுத்தான் போனேன். அவனுக்குச் சொன்னதையே டெல்டாவிலிருந்து புதிதாக அங்கே போய்ச் சேரும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்.

அரசு விதிகளைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். மின்சாரம் அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மட்டும் மூன்று தட்டையான கால்களும் உள்ளே ஒரு சிறிய ஃபியூஸும் கொண்டது. அதிலிருந்து 13 ஆம்பியருக்கு மேல் எடுக்க முடியாது. இங்கிலாந்தில் 2019 முதல், பெரும்பாலான வாடகை வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. வாங்கிய பணத்தை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த காப்புத் திட்டமொன்றில் சேர்க்க வேண்டும். ஊரில் வீட்டுக்காரரிடம் வாய்ச்சொல்லாகக் கேட்டுவிட்டு, பக்கத்துத் தெரு வயர்மேனைக் கூப்பிட்டு மாலைக்குள் வேலையை முடிப்பதைப் போல அங்கே செய்ய முடியாது. சுவரில் எதைத் தொடுவதானாலும் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தத் தானியங்கி விளக்கெல்லாம் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் ஒரு டிசம்பர் மாதத்தை அங்கே கழித்துப் பார்க்க வேண்டும். நம் ஊரில் விளக்கு வைக்கும் நேரம் ஆண்டு முழுவதும் ஆறு, ஆறரையை ஒட்டியே இருக்கிறது. லண்டனில் டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது; ஜூனிலோ ஒன்பது மணிக்குப் பிறகும் வெளிச்சம் இருக்கிறது. வேலை முடிந்து இருட்டில் வந்து, இருட்டான அறையின் கதவைத் திறந்து, சுவரைத் தடவிச் சுவிட்சைத் தேடிய முதல் குளிர்காலத்தில், அம்மா மாடத்தில் ஏற்றி வைக்கும் விளக்கை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றிருக்கிறேன். அஸ்தமனத்தைக் கணக்கிட்டுத் தானாக எரியும் ஒரு விளக்காவது வேண்டும் என்று முடிவு செய்தது அப்போதுதான்.

இனி நான் ஏமாந்த இடம். என் அப்பா முப்பத்தைந்து ஆண்டுகள் வயர்மேனாக வேலை பார்த்தவர். பள்ளி விடுமுறைகளில் அவருக்கு ஏணி பிடித்து வளர்ந்தவன் நான். நம் வீடுகளின் சுவிட்ச் போர்டுகளில் பெரும்பாலும் ஒரு பிளக் பாயிண்ட்டும் சேர்ந்தே இருப்பதால், மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ் கம்பியோடு, சுற்றை முடித்துவைக்கும் நியூட்ரல் கம்பியும் போர்டு வரைக்கும் வந்திருக்கும். நியூட்ரல் வராத போர்டு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஸ்மார்ட் சுவிட்சுக்குள் எப்போதும் விழித்திருக்கும் ஒரு சிறிய ரேடியோ இருக்கிறது. விளக்கு அணைந்திருக்கும்போதும் அதற்கு மின்சாரம் வேண்டும், அதற்கு நியூட்ரல் வேண்டும். பிரிட்டனின் பழைய வீடுகளில் மின்சாரம் முதலில் கூரையில் விளக்கு தொங்கும் இடத்துக்குப் போகிறது. அங்கிருந்து பேஸ் மட்டும் ஒரு கம்பியில் சுவிட்சுக்கு இறங்கி, இன்னொரு கம்பியில் ரிட்டர்னாக மேலே விளக்குக்கு ஏறுகிறது. நியூட்ரல் கூரையோடு நின்றுவிடுகிறது.

நான் ஏமாந்ததற்குக் காரணம் அந்த இரண்டாவது கம்பியின் நிறம். 2006 மார்ச் இறுதிக்குப் பிறகு அங்கே புது வேலைகளுக்குப் பழுப்பும் நீலமும் கட்டாயம். அதற்கு முந்தைய வீடுகளில் நம் ஊரைப் போலவே சிவப்பும் கறுப்பும்தான். ரிட்டர்னாகப் பயன்படும் கறுப்புக் கம்பியின் நுனியில் அது பேஸ் என்று காட்டும் சிவப்பு உறை மாட்டியிருக்க வேண்டும்; பல வீடுகளில் அது இருப்பதில்லை, என் வீட்டிலும் இல்லை. இரண்டு சுவிட்சுகள் கொண்ட தகட்டைக் கழற்றியபோது ஒரு சிவப்பும் இரண்டு கறுப்பும் தெரிந்தன. சுவிட்சுகளை அணைத்த நிலையில் டெஸ்டரை வைத்தேன். சிவப்பில் எரிந்தது, கறுப்பில் எரியவில்லை. விளக்கு அணைந்திருக்கும்போது ரிட்டர்ன் கம்பி பல்பின் வழியாக நியூட்ரலோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் டெஸ்டர் அப்படித்தான் காட்டும். சுவிட்சைப் போட்டுவிட்டு வைத்திருந்தால் கறுப்பிலும் எரிந்திருக்கும். அந்த ஒரு சோதனையை நான் செய்யவில்லை. வயர்மேன் மகன் என்ற மிதப்பில் மெயினை அணைத்து, ஒரு கறுப்பை நியூட்ரல் என்று கொடுத்து, ஸ்மார்ட் சுவிட்சை இணைத்தேன்.

கூடத்து விளக்கு மினுக் மினுக்கென்று துடித்தது. சுவிட்ச் உயிர் பெறுவதும் சாவதுமாக இருந்தது. இணைப்பு சரியில்லை, சுவிட்ச் பெட்டிக்குள் சரியாக உட்காரவில்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்த தவற்றைச் செய்தேன். நம் ஊர் மாடுலர் பெட்டி நீளவாக்கில் ஆழமாக இருக்கும். அங்கே விளக்குச் சுவிட்சின் பெட்டி சதுரமானது, சில சுவர்களில் ஆழம் வெறும் 16 மில்லிமீட்டர்தான். அதைப் பெரிதாக்க உளியால் தட்டியதில், உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது.

இரவு ஒரு மணிக்கு, இங்கே விடிகிற நேரத்தில், வீடியோவில் அப்பாவை அழைத்தேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைக்காமலேயே பார்த்தார். “தம்பி, பிளக் பாயிண்ட் இல்லாத தனி சுவிட்சுக்கு நியூட்ரலை யாருப்பா இறக்குவா? ரெண்டு கறுப்பும் ரெண்டு லைட்டோட ரிட்டர்ன். எல்லாத்தையும் பழையபடி மாட்டிட்டு ஆளக் கூப்பிடு” என்றார். நான் படித்த படிப்புக்கு அவ்வளவுதான் மரியாதை. மின் பணியாளர் வந்து சரிபார்த்த கூலி போக, வீட்டைக் காலி செய்தபோது சுவரைச் சீராக்கியதாகச் சொல்லி முன்பணத்தில் 180 பவுண்டைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தத் தொகைக்கு வீடு முழுவதும் நல்ல பல்புகளே வாங்கியிருக்கலாம்.

ஆகவே வாடகை வீட்டில் சுவிட்சைத் தொடாதீர்கள், பல்பை மாற்றுங்கள். நம் ஊரில் பின் பல்பு என்று சொல்லும் பி22 ஹோல்டர்தான் அங்கும் பல வீடுகளில் இருக்கிறது. திருகு ஹோல்டரும் கூரையில் பதிக்கும் சிறு விளக்குகளும் உண்டு என்பதால், வீட்டைப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். மேசை விளக்கு ஒன்றும் அதற்கொரு ஸ்மார்ட் பிளக்கும் இதைவிட எளிய வழி. ஆனால் அறை ஹீட்டரை அந்தப் பிளக்கில் செருகாதீர்கள். ஸ்மார்ட் பல்பில் உள்ள ஒரே தொல்லை நம் பழக்கம்தான். அறையை விட்டு வெளியே வரும்போது சுவிட்சை அணைக்காவிட்டால் நமக்குக் கை அரிக்கும்; சுவரில் அணைத்துவிட்டால் பல்பு போன் சொல்வதைக் கேட்காது. பேட்டரியில் இயங்கும் ஒட்டு ரிமோட் ஒன்றைச் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டி, கை அதற்குப் போகும்படி பழக்கிக்கொள்ள வேண்டும்.

மலிவானவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நம் வயல்களிலேயே அளவுகோல் இருக்கிறது. போர்செட் மோட்டாரைப் படுக்கையிலிருந்தே செல்போனில் அழைத்து ஓடவிடும் ஸ்டார்ட்டரை டெல்டா விவசாயிகள் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறார்கள். அது யாருடைய சர்வரையும் நம்பி நிற்பதில்லை. அதுபோல, இன்டர்நெட் இல்லாதபோதும் வீட்டுக்குள் வேலை செய்யுமா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். அமெரிக்காவில் ஸ்மார்ட் வீட்டுச் சாதனங்கள் விற்ற இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் 2022 ஏப்ரலில் திடீரென நின்றபோது, அவற்றை நம்பிய ஆப்களும் சேர்ந்து நின்றுபோயின. நான்கைந்து பல்புக்கு மேல் போகாதவர்களுக்கு வைஃபை பல்பு போதும். அவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இணையும் என்பதை மறக்காதீர்கள். அதற்கு மேல் போகிறவர்கள், வைஃபை இல்லாமல் ஜிக்பீ என்ற தனி ரேடியோ முறையில் இயங்கும் பல்புகளும் அவற்றை இணைக்கும் ஹப் என்ற சிறு பெட்டியும் வாங்கினால், அவை தங்களுக்குள் பேசிக்கொள்ளும், ரௌட்டருக்குச் சுமை இராது. புதிதாக வாங்குகிறவர்கள் 2022 இல் வெளிவந்த, பல நிறுவனங்களுக்கும் பொதுவான மேட்டர் என்ற தரத்தின் முத்திரை உள்ளதைப் பார்க்கலாம். ஒரு நிறுவனத்தின் ஆப்புக்கு மட்டும் கட்டுப்பட வேண்டியிராது. இசட்-வேவ் என்ற இன்னொரு ரேடியோ முறையில் இயங்கும் சாதனத்தை மட்டும் ஊரிலிருந்து எடுத்துப் போகவே கூடாது. இந்தியாவில் அது சுமார் 865 மெகாஹெர்ட்ஸிலும் ஐரோப்பாவில் 868 மெகாஹெர்ட்ஸிலும் பேசுவதால், ஒன்று சொல்வது மற்றதன் காதில் விழாது.

சொந்த வீடு வாங்கியவர்களுக்கு நியூட்ரல் தேவைப்படாத சுவிட்சுகள் கிடைக்கின்றன. அவை பல்பின் வழியாகவே சிறிது மின்சாரத்தை இழுத்து உயிர் வாழ்வதால், குறைந்த வாட் எல்இடி அணைந்த பிறகும் மங்கலாக எரியலாம். அதற்கு விளக்குப் பக்கம் பைபாஸ் என்ற சிறு துண்டை மாட்டுவார்கள். இதையெல்லாம் தகுதியுள்ள மின் பணியாளரிடமே விடுங்கள்.

என் சுவிட்சுகள் அடுத்த விடுமுறையில் ஊருக்கே திரும்பின. அப்பா ஒரு முற்பகலில் அத்தனையையும் மாட்டி முடித்தார். படுக்கையறைக்கு மட்டும் சுவிட்சுக்குப் பதிலாக ஸ்மார்ட் பல்பு போட்டோம், அது வேறொரு பாடம். நள்ளிரவில் கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது அது முழு வெளிச்சத்தில் எரிந்து அம்மாவை எழுப்பிவிட்டது. மின்சாரம் திரும்பும்போது அணைந்தே இருக்கும்படி மாற்றும் தேர்வு ஆப்பின் உள்மூலையில் இருந்தது. ஆப்பில் வீட்டின் இடத்தைப் பாபநாசம் என்று சரியாகக் குறித்த பிறகுதான், லண்டன் அஸ்தமனத்தைப் பார்த்து ராத்திரி வெகுநேரம் கழித்து வாசல் விளக்கை ஏற்றும் கூத்தும் நின்றது.

தெருப் பையனின் ஆறு சுவிட்சுகளை நேற்று அப்பாவும் நானுமாக அவன் வீட்டுப் போர்டுகளில் மாட்டிவிட்டோம். அவன் பெட்டியில் இப்போது இரண்டு பின் பல்புகளும் ஒரு டெஸ்டரும் இருக்கின்றன. டெஸ்டர் அப்பா கொடுத்தது. சுவிட்சைப் போட்டுவிட்டும் ஒரு தடவை வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.