பழைய விடெக் சிட்டி வாங்கியிருக்கிறீர்களா? ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

2000-களின் தொடக்கத்தில் வந்த ஹோண்டா சிட்டி 1.5 விடெக், நாலு கதவு வைத்த செடான்தான். 1493 சிசி இன்ஜின், 106 குதிரைத் திறன், இன்றைய கார்களோடு ஒப்பிட்டால் ரொம்ப லேசான உடம்பு. ஆனாலும் சேலம் அடிவாரத்தைத் தாண்டி ஏற்காடு மலையில் மூன்றாவது கியரில் அதை ஒருமுறை இழுத்துப் பார்த்தவருக்கு அது ஸ்போர்ட்ஸ் கார்தான் என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வருடமாக ஒன்றை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையெல்லாம் அதோடுதான் போகிறது. புதிதாக வாங்கி, தானே ரிப்பேர் செய்யக் கற்றுக்கொள்ள ஆசைப்படும் தம்பிகள் நிறைய பேர் பேசுகிறார்கள், எல்லோரும் ஏறக்குறைய ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள். இந்தக் கார்களில் நான் பார்த்தவரை, வயதாகிக் கெட்டதை விட, என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ளாமல் கை வைத்துக் கெட்டதுதான் அதிகம்.

நான் செய்ததிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒரு மே மாதம், ஐந்து ரோடு பக்கம் வெயிலில் இரண்டு மணி நேரம் காரை நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. சாயந்திரம் வெயில் தாழ்ந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. பெட்ரோல் பம்ப்தான் என்று நானே முடிவு செய்து பம்பை மாற்றினேன், அப்புறம் பிளக், பிளக் வயர், ஃபில்டர் என்று கையில் இருந்த பணம் எல்லாம் போனது. மூன்று வாரம் கழித்து அதே வெயில், அதே கதை. கடைசியில் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து, "தம்பி, சாவியை ஆன் மட்டும் பண்ணுங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க. பின்னாடி சீட்டுக்கிட்ட காதை வைங்க" என்றார். வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. சாவி ஆன் ஆனவுடன் இரண்டு விநாடி பம்ப் 'உம்ம்' என்று ஓடி நிற்க வேண்டும், அதுதான் வரவில்லை.

டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து, பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் மெயின் ரிலேயைக் கழற்றி, பிளாஸ்டிக் மூடியை எடுத்து, போர்டை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். ஒரு பின்னைச் சுற்றி, சால்டர் வைத்த இடத்தில், முடியளவுக்குக் கறுப்பாக ஒரு வளையம். அது விரிசல். வண்டிக்குள் சூடு ஏற ஏற உலோகம் விரிந்து அந்த இடத்தில் இணைப்பு விட்டுப்போகிறது, பம்புக்குக் கரண்ட் போவதில்லை. குளிர்ந்தால் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கால ஹோண்டாக்களில் உலகம் முழுக்கத் தெரிந்த கோளாறு இது, எனக்குத்தான் தெரியாமல் இருந்தது. புதிதாகச் சால்டர் வைத்தார், இன்றுவரை ஓடுகிறது. நல்ல பம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொரு பம்பை மாட்டிய வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

அதனால் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் காது, அப்புறம் டெஸ்ட் லேம்ப், அதற்கும் அப்புறம்தான் கடை. பெட்ரோல் வருகிறதா, ஸ்பார்க் வருகிறதா என்று இரண்டு கேள்விக்கு விடை தெரியாமல் எந்தப் பார்ட்ஸும் வாங்க வேண்டாம்.

அடுத்தது டைமிங் பெல்ட், அதாவது பிஸ்டனும் வால்வும் ஒரே தாளத்தில் ஓடும்படி கிராங்கையும் கேமையும் இணைக்கும் ரப்பர் பெல்ட். விற்றவர் "மாத்தியாச்சுங்க, போன வருஷம்தான்" என்பார். பில் இருந்தால் சரி, இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஓடிய கிலோமீட்டர் குறைவு என்பதும் ஆறுதல் இல்லை, ரப்பருக்கு வயது என்று ஒன்று இருக்கிறது. இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், ஹெட்டை இறக்க வேண்டியதுதான். மாற்றும்போது பெல்ட்டை மட்டும் மாற்றி மிச்சம் பிடிப்பதும் தவறு. டென்ஷனர், வாட்டர் பம்ப், கேம் சீல், கிராங்க் சீல் எல்லாம் அதே மூடிக்குப் பின்னால்தான் இருக்கின்றன, ஆறு மாதத்தில் அதில் ஏதாவது ஒன்று ஒழுகினால் மொத்த வேலையையும் திரும்பச் செய்வீர்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பெரும்பாலான கார்களில் கிராங்க் புல்லி பக்கமாக நின்று பார்த்தால் இன்ஜின் கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றும். இந்த ஹோண்டா டி சீரிஸ் இன்ஜின் எதிர்த்திசையில் சுற்றும். பழக்கதோஷத்தில் வழக்கமான திசையில் திருப்பினால் பெல்ட் தளர்ந்து ஒரு பல் தாண்டிவிட வாய்ப்பு இருக்கிறது, மார்க் எல்லாம் சரியாக வைத்த மாதிரி இருக்கும், இருக்காது. இன்னொன்று, இறுகிப்போன கிராங்க் போல்ட்டைக் கழற்ற ஸ்பேனரைத் தரையில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டும் வித்தையை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். இந்த இன்ஜினில் அது போல்ட்டை இன்னும் இறுக்கத்தான் செய்யும், ஸ்பேனர் தெறித்தால் கையும் போகும். புல்லியைப் பிடிக்கும் ஹோல்டரும் நீளமான பைப்பும்தான் வழி. பெல்ட் மாட்டியதும் சாவியைத் தொடாதீர்கள், கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், எங்கேயாவது முட்டினால் அங்கேயே நிறுத்தி, மார்க்கை மறுபடி பாருங்கள்.

டேப்பெட், அதாவது வால்வு இடைவெளி விஷயத்தில் நம் ஊருக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. இதில் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் கிடையாது, ஃபீலர் கேஜ் வைத்துக் கையால்தான் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும், சிலிண்டர் ஹெட் 38 டிகிரிக்குக் கீழே இருக்கும்போதுதான் செய்ய வேண்டும் என்பது ஹோண்டாவின் கணக்கு. சேலத்தில் ஏப்ரல், மே மதியத்தில் நிழலில் நிற்கிற காரின் ஹெட்டே அந்த அளவைத் தாண்டிவிட வாய்ப்பு உண்டு. ராத்திரி முழுக்க நிறுத்திவைத்து, விடியற்காலை ஐந்தரை மணிக்கு, யாரும் அதை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் மூடியைத் திறங்கள். டிக் டிக் சத்தம் பிடிக்கவில்லை என்று இறுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். இடைவெளி இல்லாத வால்வு முழுதாக மூடாது, மூடாத எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை ஹெட்டுக்கு இறக்க முடியாமல் கருகிவிடும். லேசான சத்தம் இருக்கட்டும், அது இருக்க வேண்டிய சத்தம்.

எண்ணெய், தண்ணீர் விஷயங்களுக்கு வருகிறேன். விடெக் வேலை செய்வதே ஆயில் பிரஷரால்தான்: மேல் ஆர்பிஎம்மில் ஆயில் ஒரு பின்னைத் தள்ளி ராக்கர்களைச் சேர்த்துப் பூட்டுகிறது, அப்போதுதான் பெரிய கேம் வேலைக்கு வரும். ஆயில் குறைந்தாலோ, அந்த ஆயிலைத் திறந்துவிடும் சோலனாய்டுக்கு அடியில் இருக்கும் சின்ன வலை அடைத்துக்கொண்டாலோ அந்த இழுவை வராது. இன்ஜின் போயிடுச்சு என்று பயந்து ரீபோர் வரைக்கும் போவதற்கு முன்னால் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், வலையைக் கழற்றிக் கழுவுங்கள்.

கியர்பாக்ஸில் 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றுவது நம் பட்டறைகளில் சர்வ சாதாரணம். லாரிக்கும் ஜீப்புக்கும் அது சரி. இந்த கியர்பாக்ஸ் மெல்லிய ஆயிலுக்காகச் செய்தது, ஹோண்டாவின் எம்டிஎஃப் என்ற மேனுவல் கியர்பாக்ஸ் ஆயிலை ஊற்ற வேண்டும். 90 ஊற்றினால் காலையில் முதல் கியரும் இரண்டாவதும் விழ மறுக்கும், சிங்க்ரோ தேயும்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம் பக்கத்து போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்பது வீட்டு வாட்டர் ஹீட்டர் காயிலைக் கழற்றிப் பார்த்த எல்லோருக்கும் தெரியும், அந்த வெள்ளைப் படிவம்தான் ரேடியேட்டருக்குள்ளும் படியும். கூலண்ட், டிஸ்டில்டு வாட்டர், அவ்வளவுதான். ஊற்றிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை இன்ஜினை ஓடவிட்டு, இறங்கும் அளவை நிரப்பிக்கொண்டே இருங்கள். இல்லையென்றால் காற்று உள்ளே நின்றுவிடும், மலையில் அதுவே ஹெட் கேஸ்கெட்டைத் தின்றுவிடும். ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்த காபி மாதிரி நுரை தெரிந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

டூல்ஸ் பற்றிச் சுருக்கமாக. ஜப்பான் கார்களில் பார்ப்பதற்கு ஸ்டார் ஸ்க்ரூ மாதிரியே இருப்பவை பெரும்பாலும் ஜேஐஎஸ் என்ற வேறு வடிவம், தலையில் ஒரு சின்னப் புள்ளி இருந்தால் அதுதான். சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுதாக உட்காராது, அழுத்தித் திருப்பினால் நழுவித் தலையை மழுக்கிவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் பிரேக் டிஸ்க்கிலும் இப்படி மழுங்கிய ஸ்க்ரூக்களை எடுக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஜேஐஎஸ் டிரைவர் ஒன்று, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று, இரண்டையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள். ஹெட் அலுமினியம். பிளக்கைக் கை பலத்தில் இறுக்கினாலும், சூடான இன்ஜினில் கழற்றினாலும் மரை போய்விடும். ஆயில் டிரெயின் போல்ட்டின் வாஷரை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடுங்கள். ஒழுகுகிறதே என்று மேலும் மேலும் இறுக்கித்தான் ஆயில் பேனின் மரையைக் கெடுக்கிறார்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் முட்டுக்கொடுப்பதற்கு ஆகாது, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் உடையும். சிமென்ட் தரை, இரண்டு ஸ்டாண்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை. வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் படுங்கள்.

சத்தம் போடும் எக்ஸாஸ்ட், கோன் ஃபில்டர், லோயரிங் ஸ்பிரிங் எல்லாம் அப்புறம். அந்தப் பணத்தில் முதலில் பழைய பெட்ரோல் ஹோஸ்களை மாற்றுங்கள், இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பர் அதை நினைத்துச் செய்தது இல்லை. டயரில் பட்டன் நிறைய இருக்கிறது என்று ஏமாறாதீர்கள், பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள்: 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது.

கடைசியாக, வேலை முடிந்த அன்றைக்கே ஏற்காட்டுக்குக் கிளம்புவது. ஆசை எனக்குப் புரிகிறது, நானும் அந்த ஆசையில்தான் இந்தக் காரை வைத்திருக்கிறேன். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு, அடிவாரத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலே ஏற்றம், திரும்பி வரும்போது அவ்வளவு உயரத்தையும் பிரேக்தான் தாங்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியதும் அந்த அளவு 155-க்கு இறங்கிவிடும். கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி தரை வரை போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றி, நாலு சக்கரத்திலும் ஏர் எடுங்கள், இறங்கும்போது இரண்டாவது கியரில் இன்ஜினே பிடிக்கட்டும். முதல் நாள் அடிவாரத்துக்கு முன்னாலேயே வரும் கோரிமேடு வரை மட்டும் போய் வந்து, வீல் நட்டை மறுபடி இறுக்கி, ராத்திரி அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அட்டையில் சொட்டு எதுவும் இல்லையா, அப்படியானால் ஏறுங்கள், மேலே ஏரி பக்கம் நிறுத்தியதும் பானெட்டைத் திறந்து ஒருமுறை மோந்து பாருங்கள். கூலண்ட் ஒழுகினால் இனிப்பாக வாசம் வரும், ஆயில் எக்ஸாஸ்ட்டில் சொட்டினால் தீய்ந்த வாசம் வரும், இரண்டும் இல்லையென்றால் ஒரு காபி குடித்துவிட்டு நிதானமாக இறங்கலாம்.