பிடிஎன்எஃப் எலிசா: கிட்டின் மேல் பழி போடுமுன்

பிடிஎன்எஃப் (BDNF) என்பது நரம்புக் கலங்கள் வளரவும் பிழைத்திருக்கவும் உதவும் புரதம். 1982இல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். மட்டக்களப்பில் இதை எலிசா கிட்டில் (புரதத்தின் அளவை நிறத்தால் காட்டும் சோதனைப் பொதியில்) அளக்க வரும் மாணவர்கள், எண்கள் ஒத்துவராவிட்டால் முதலில் கிட்டைத்தான் திட்டுவார்கள். அநேகமாக, கிட்டைத் திறக்குமுன்பே தவறு நடந்து முடிந்திருக்கும்.

குருதியிலுள்ள பிடிஎன்எஃபில் பெரும்பங்கு சிறுதட்டுகளுக்குள் (குருதி உறைய உதவும் சிறு கலத்துண்டுகளுக்குள்) அடைபட்டிருக்கிறது. குருதி உறையும்போது அது வெளியே வரும். அதனால் பிளாஸ்மாவைவிட (உறையவிடாத குருதியின் தெளிந்த நீர்) சீரத்தில் (உறைந்த பின் பிரியும் நீர்) அளவு பல மடங்கு கூட. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்து போடாதீர்கள். சீரம் என்றால் எல்லாருடைய குழாயும் ஒரே அளவு நேரம் உறைய வேண்டும். ஒன்று அரை மணி, மற்றது நீங்கள் சோறு தின்று வரும்வரை இரண்டு மணி என்றால், நீங்கள் அளந்தது சாப்பாட்டு நேரத்தை. உறையாத தயிர்ச் சட்டியை நம்மூரில் யாரும் ஆட்டமாட்டார்கள், இந்தக் குழாயையும் அப்படியே விடுங்கள். பிளாஸ்மா என்றால் குளிரில் வைத்து, சிறுதட்டுகள் அடியில் இறங்கும்படி நன்றாகச் சுழற்றி, மேலே உள்ளதை மட்டும் எடுங்கள். உருக்கிய மாதிரியைத் திரும்பத் திரும்பக் குளிரில் உறையவைப்பதும் கூடாது. முதலிலேயே சிறு குழாய்களில் பிரித்து வையுங்கள்.

அப்புறம் வெக்கை. 'அறை வெப்பநிலை' என்று கிட்டுத் தாளில் இருப்பது பெரும்பாலும் 18 முதல் 25 பாகை. கச்சான் காற்று வீசும் மத்தியானத்தில் நமது அறை அதுவல்ல. ஏசி இல்லாத ஒரு நாளில் மூடி ஒட்டாமல் பிளேட்டை (மாதிரிகளை ஊற்றும் குழிகளுள்ள தட்டை) வைத்துவிட்டேன். ஓரக் குழிகள் காய்ந்து, நடுவில் ஒரு நிறம், ஓரத்தில் ஒரு நிறம். காலையிலேயே தொடங்குங்கள். நிறம் வரும் கட்டம் வெக்கையில் வேகமாக ஓடும். நியமக் கரைசல்களையும் (அளவு தெரிந்தவை) மாதிரிகளையும் ஒரே பிளேட்டில், ஒரே நேரக் கணக்கில் நிறுத்தி, 450 நானோமீற்றரில் வாசியுங்கள்.

கழுவும் கரைசலில் சோடியம் அசைட் சேர்க்க வேண்டாம், நிறத்தைத் தரும் நொதியை அது முடக்கிவிடும்.

கணக்கில் வரும் தவறு சிறியது, ஆனால் மானத்தை வாங்கும். நியமக் கரைசல்களை வைத்து வரைந்த வளைகோட்டின் மேல் எல்லையைத் தாண்டிய மாதிரிக்குக் கோட்டை நீட்டி எண் எடுக்காமல், ஐதாக்கி மறுபடி ஓட்டுங்கள். 20 மடங்கு ஐதாக்கினால் விடையை 20ஆல் பெருக்க வேண்டும். பைக்கோகிராமா நானோகிராமா என்பதையும் பாருங்கள்: அங்கே ஒரு சறுக்கல் 1000 மடங்கு.