பிரவுசர் டைட்டில் பாரை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரவுசர் விண்டோவின் தலைப்பில் தெரியும் எழுத்து ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. முன்பாதி, திறந்திருக்கும் பக்கத்தின் தலைப்பு. அது அந்தத் தளத்தை உருவாக்கியவர் எழுதியது. பின்பாதி பிரவுசரின் பெயர். இதில் எதை மாற்றப்போகிறோம் என்று முடிவு செய்யாமலே இறங்குவதுதான் பெரிய தவறு. மற்ற குழப்பங்கள் பெரும்பாலும் இதிலிருந்து வருபவைதான்.

பலரும் இன்னும் தேடிப்போவது, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் மாற்றும் பழைய வழியை. அங்கே ஃபோல்டர் போல இருக்கும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் 'மெயின்' என்ற கீயில் 'விண்டோ டைட்டில்' என்ற மதிப்பைச் சேர்த்தால், பிரவுசர் பெயர் இருந்த இடத்தில் நாம் எழுதியது வரும். குரோமும் எட்ஜும் ஃபயர்பாக்ஸும் அந்த மதிப்பைக் கண்டுகொள்வதே இல்லை. 2022 ஜூன் 15-ல் விண்டோஸ் 10-ல் ஓய்வு பெற்றுவிட்ட பிரவுசருக்கான வழி அது. பழைய கணினி ஒன்றில் செய்தே ஆக வேண்டுமென்றால், முதலில் அந்த கீயை எக்ஸ்போர்ட் செய்து ஒரு ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் அன்டூ கிடையாது. மாற்றியது அந்த நொடியே பதிவாகிவிடும். மதிப்பின் வகை ஸ்ட்ரிங்காக (எழுத்து) இருக்க வேண்டும், டிவேர்ட் (எண்) அல்ல. பழைய நிலைக்குத் திரும்ப அந்த ஒரு மதிப்பை மட்டும் நீக்கினால் போதும், முழு கீயையும் அழிக்காதீர்கள். நீங்கள் எதுவுமே செய்யாமல் தலைப்பில் யாரோ ஒருவரின் வாசகம் தெரிகிறதா? அதை அழித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. ஏதோ ஒரு மென்பொருள் உள்ளே புகுந்து எழுதியிருக்கலாம், முதலில் வைரஸ் ஸ்கேன் செய்யுங்கள்.

சரி, இன்றைய பிரவுசர்களுக்கு வருவோம். குரோமிலும் எட்ஜிலும் 'மோர் டூல்ஸ்' பட்டியலில் 'நேம் விண்டோ' என்ற வசதி இருக்கிறது. பெயரைக் கொடுத்துவிட்டு மேலே பார்த்தால் ஒன்றும் மாறியிருக்காது. வேலை செய்யவில்லை என்று விட்டுவிடாதீர்கள். அங்கே வழக்கமாக டேப்கள் மட்டும்தான் இருக்கும். கொடுத்த பெயரை டாஸ்க்பாரிலும், ஆல்ட் டேப் அழுத்தும்போதும் பார்க்கலாம்.

ஃபயர்பாக்ஸில் டைட்டில் பார் மறைந்தே இருக்கலாம். டூல்பாரின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, கஸ்டமைஸ் பக்கத்தின் அடியில் 'டைட்டில் பார்' என்பதை டிக் செய்தால் தெரியும். எழுத்தை மாற்ற எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரில் சேர்க்கும் சிறு மென்பொருள், வேண்டும். இங்கேதான் கவனம் தேவை. தலைப்புக்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்ப்பதற்கு உங்கள் எல்லாத் தளங்களின் தரவையும் படிக்கும் அனுமதி அவசியமில்லை. அதைக் கேட்கும் எக்ஸ்டென்ஷனை நான் நிறுவ மாட்டேன். பக்கத்தின் தலைப்பையே திருத்தும் எக்ஸ்டென்ஷன்களுக்கு அப்படிப்பட்ட அனுமதி தேவைப்படும் என்பது உண்மைதான். ஆனால் விண்டோக்களை அடையாளம் காண அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

பிரவுசருக்குள்ளேயே கட்டளை எழுதும் டெவலப்பர் கன்சோலில் தலைப்பை மாற்றுவது பக்கத்தை ரீலோடு செய்யும்வரைதான் நிற்கும்.

அப்புறம், பெயர் வைக்கும் விதம். டாஸ்க்பாரில் இடம் போதாதபோது வால்தான் வெட்டுப்படும். 'அலுவலக வேலை கணக்கு', 'அலுவலக வேலை மின்னஞ்சல்' என்று வைத்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வேறுபடுத்தும் சொல்லை முன்னால் வையுங்கள். திரையைப் பகிரும்போது மற்றவர்களும் பார்க்கக்கூடியது அது என்பதால் வாடிக்கையாளர் பெயர் போன்றவை வேண்டாம்.

கீபாஸ் போன்ற பாஸ்வேர்டு மென்பொருளில், பாஸ்வேர்டைத் தானாகவே டைப் செய்யும் ஆட்டோ டைப் வசதி, விண்டோ தலைப்பைப் பார்த்துத்தான் எந்தப் பாஸ்வேர்டைத் தருவதென்று முடிவு செய்கிறது. பெயர் மாற்றிய பிறகு அது திடீரென நின்றுபோனால் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். அந்த மென்பொருளில் அந்தப் பாஸ்வேர்டுக்கான பதிவில் இருக்கும் தலைப்பைத் திருத்துங்கள்.