கழுத்து வலி இல்லாமல் கை எம்பிராய்டரி

தூக்கம் வராத ராத்திரிகளில் போனை ஓரமாக வைத்துவிட்டு சங்கிலித் தையல் போட ஆரம்பித்தேன். ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருவதால் மூச்சு நிதானமாகிறது, மனசு ஊசி முனையிலேயே நிற்கிறது. அருமையான மருந்து!

ஆனால் முதல் வாரமே கழுத்து பிடித்துக்கொண்டது. துணியை விறைப்பாகப் பிடிக்கும் எம்பிராய்டரி வளையம் மடியில் கிடந்ததால் தலை குனிந்தே இருந்ததுதான் காரணம். மடியில் இரண்டு தலையணை வைத்து வளையத்தை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றினேன். விளக்கு இடப்பக்கம், வலக்கை நிழல் துணியில் விழாது.

ஆறு இழை சேர்ந்த எம்பிராய்டரி நூலில் இரண்டு இழையை மட்டும் பிரித்தெடுத்தால் போதும், நீளம் 45 செ.மீ. போதும். நீண்டால் முறுக்கிச் சிக்கும். ஊசியைத் தொங்கவிட்டால் முறுக்கு தானே பிரியும். வளையத்தை இறுக்கிப் பிடித்தால் விரல் மரத்துப்போகும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை விரல்களை விரித்து மூடி, ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பார்க்கிறேன்.