பாறையேற்றப் பயிற்சி: வாரத்தில் எத்தனை நாள் ஏறலாம்?

பாறையேற்றத்தில் முதல் சில மாதங்களைக் கடந்தவர்கள் அடுத்ததாகக் கேட்பது, இன்னும் வேகமாக முன்னேற வாரத்தில் எத்தனை நாள் ஏற வேண்டும் என்பதைத்தான். பெரும்பாலானவர்களுக்கு மூன்று நாள் போதும். புதிதாகத் தொடங்கியவர்களுக்கு இரண்டு நாளே சரி. நான்கு நாள் என்பது பல ஆண்டுகளாகத் தொடர்ந்து ஏறி வருபவர்களுக்கு, அதுவும் அந்த நான்கில் இரண்டு நாளாவது எளிய ஏற்றமாக இருந்தால் மட்டுமே பொருந்தும். இந்த எண்ணிக்கையை ஆர்வத்தையோ தோள் வலிமையையோ வைத்து முடிவு செய்யக் கூடாது. விரல்களை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் இழுவிசையைத் தசைநாண்கள் உள்ளங்கை வழியாக விரல் நுனி வரை கொண்டு செல்கின்றன. அந்த நாண்கள் எலும்பை விட்டு விலகி எழும்பிவிடாதபடி, விரலின் உட்பக்கத்தில் குறுக்காக அமைந்த சிறு நார்ப்பட்டைகள் அவற்றைப் பிடித்து வைக்கின்றன. ஏறுபவர்கள் இவற்றைப் ‘புல்லி’ என்கிறார்கள். விரல் நடுமூட்டைக் கூர்மையாக மடக்கி, கட்டைவிரலை மேலே பூட்டிச் சிறு விளிம்புகளைப் பிடிக்கும் முழுக் கிரிம்ப் பிடியில், விரலின் அடிப்பகுதியிலுள்ள ஏ2 புல்லியின் மீது மிகக் கடுமையான விசை விழுகிறது; அது அறுபடுவது பெரும்பாலும் மோதிர விரலில்தான். தசை சில வாரங்களிலேயே வலுப்பெறத் தொடங்கிவிடும். நாண்களும் புல்லிகளும் அதே அளவு உறுதிப்பட மாதக் கணக்கில் ஆகும். ஆகவே காயம் படுபவர்களில் பலர் பலவீனமானவர்கள் அல்லர். ஆறு மாதத்தில் தசை வலுவைச் சேர்த்துக்கொண்டு, நாண்கள் இன்னும் தயாராகாத நிலையில் கடினமான பாதைகளில் இறங்கியவர்கள்.

இன்னொரு செய்தியையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். கடுமையான சுமைக்குப் பிறகு முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் வரை நாண்களின் நார்ப்புரதமான கொலாஜன் சிதைவதே மிகுதியாக இருக்கும். அதன் பின்னரே உருவாக்கம் மேலோங்கி, ஏறத்தாழ மூன்றாம் நாள் வரை நீடிக்கும். எனவே விரல்களுக்குக் கடும் வேலை கொடுத்த நாளுக்கும் அடுத்த கடும் நாளுக்கும் இடையே குறைந்தது 48 மணி நேரம், முடிந்தால் 72 மணி நேரம் இருக்க வேண்டும்.

ஆனால் ஏறுதல் வெறும் வலிமை மட்டுமன்று. அது ஒரு திறன். கால் வைக்கும் துல்லியம், இடுப்பைச் சுவரோடு ஒட்டித் திருப்பும் பழக்கம், அடுத்த பிடியை முன்கூட்டியே படிக்கும் கண் ஆகியவை அடிக்கடி செய்தால்தான் வளரும். திறன் அடிக்கடி பயிற்சி கேட்கிறது, நாண் இடைவெளி கேட்கிறது. இந்த இழுபறிக்கு ஒரே தீர்வு, எல்லா நாளும் ஒரே கடுமையில் ஏறாமல் இருப்பதுதான். உள்ளரங்கச் சுவர்களில் நான் பார்க்கும் பொதுவான குறை இது: செவ்வாய், வியாழன், சனி என்று ஒழுங்காக வருகிறார்கள், ஆனால் மூன்று நாளும் தங்கள் எல்லையிலேயே ஏறுகிறார்கள்.

வேலைக்குச் செல்லும் ஒருவருக்கு இப்படி அமைக்கலாம். செவ்வாய்க்கிழமை கடினமான நாள். இருபது நிமிடமாவது உடலைச் சூடாக்கி, எளிய பாதைகளிலிருந்து படிப்படியாக உயர்ந்து, மூன்று நான்கு கடினமான போல்டர் பாதைகளை (கயிறின்றி ஏறும் குட்டையான பாதைகளை) மட்டும் எடுத்துக்கொண்டு, முயற்சிகளுக்கு இடையே மூன்று முதல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுக்க வேண்டும். முன்பு எளிதாகச் செய்த அசைவு கைநழுவத் தொடங்கினால் அன்றைய வேலை முடிந்தது என்று பொருள். ‘இன்னும் ஒரே ஒரு முயற்சி’ என்பது அந்த நேரத்தில் நல்ல யோசனை அல்ல. வியாழக்கிழமை பாதைகளின் கடினத்தைக் குறிக்கும் தரநிலையில் உங்கள் எல்லைக்கு இரண்டு படி கீழே இறங்கி, சாய்வுச் சுவரிலும் பெரிய பிடிகளிலும் கால் வேலையை மட்டும் கவனித்து ஏறலாம். சனிக்கிழமை கயிற்றில் நீண்ட பாதைகளையோ வெளிப் பாறையையோ வைத்துக்கொள்ளலாம். ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஒரு நாளுக்குப் போதுமானது. இரண்டு நாள் தொடர்ந்து ஏறியே ஆக வேண்டுமென்றால், கடினமான போல்டரிங்கை முதல் நாளிலும் எளிய, நீண்ட ஏற்றத்தை இரண்டாம் நாளிலும் வைக்க வேண்டும்; மாற்றி வைத்தால், களைத்த விரல்களின் மீது அதிகபட்சச் சுமை விழும்.

வெளிப் பாறைக்குப் பயணம் செல்லும்போது கணக்கு மாறுகிறது. கர்நாடகத்தின் ஹம்பியில் துங்கபத்திரைக் கரைகளில் பரந்து கிடக்கும் கருங்கல் உருண்டைகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நாடெங்கிலுமிருந்து ஏறுபவர்கள் வருகிறார்கள். அங்கே தசைக்கு முன்பாகத் தோல்தான் தீர்ந்துபோகும். கரடுமுரடான படிகங்கள் விரல் நுனியைத் தேய்த்துவிட்டால், எவ்வளவு வலு மிச்சமிருந்தாலும் பயனில்லை. ஒரு வாரப் பயணத்தில் இரண்டு நாள் ஏறி ஒரு நாள் ஓய்வு என்ற முறை பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும். வெயில் ஏறியபின் பாறையின் பிடிப்பு குறைந்து தோலும் வியர்க்கும் என்பதால், காலையிலும் மாலையிலும் ஏறுவது நல்லது. ஏறி முடித்ததும், பிடிப்புக்காகக் கையில் பூசிய சாக் பொடியைக் கழுவிவிட்டு, தடித்த தோல் மேடுகளை அரத்தால் தட்டையாகத் தேய்த்து, இரவில் ஈரப்பதமூட்டும் களிம்பு தடவினால் தோல் கிழிவது குறையும். அதே மாநிலத்தின் பாதாமியிலுள்ள மணற்பாறையில் கயிற்றோடு ஏறுபவர்களுக்குத் தோல் சற்றுக் கூடுதலாகத் தாங்கும்; முன்கைதான் முதலில் களைக்கும்.

உடல் சொல்வதை எப்படிப் படிப்பது? தசையில் பரவலாக இருக்கும் வலி இரண்டு நாளில் போய்விடும். அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் விறைத்திருப்பது, விரலின் அடிப்பக்கத்தை உட்புறமாக அழுத்தும்போது ஒரே இடத்தில் வலிப்பது, முழங்கையின் உட்பக்க எலும்பருகே குத்துவது ஆகியவை வேறு வகை. இவற்றில் ஏதாவது தென்பட்டால் அடுத்த கடினமான நாளைத் தவிர்க்க வேண்டும். ஏறும்போது விரலில் ‘டப்’ என்று ஓசை கேட்டு வலி எழுந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். புல்லி அறுந்திருக்கிறதா என்பதை அல்ட்ராசவுண்ட் பரிசோதனையில் பார்க்க முடியும். வலி ஏதுமில்லாவிட்டாலும், அடுத்தடுத்த இரண்டு பயிற்சிகளில் வழக்கமான பாதைகளே கனமாகத் தோன்றினால் ஒரு நாள் கூடுதலாக ஓய்வெடுப்பது நல்லது. நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஏற்றத்தின் அளவைப் பாதியாகக் குறைத்துக்கொள்வதும் பயன் தரும்.

ஓய்வு நாளில் படுத்தே கிடக்க வேண்டியதில்லை. நடக்கலாம், நீந்தலாம், இழுப்பதற்கு எதிரான தள்ளும் தசைகளுக்காகத் தண்டால் எடுக்கலாம். தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. உடல் எடையைக் குறைத்தால் ஏறுவது எளிதாகும் என்று எண்ணி உணவைச் சுருக்குபவர்கள், மீள்வதற்கு வேண்டிய பொருளையே உடலுக்கு மறுக்கிறார்கள். உயர்நிலைப் போட்டியாளர்களிடையே கூட நீண்ட காலமாகக் கவலைக்குரியதாக இருந்துவரும் பழக்கம் இது.

பதின்ம வயதினருக்குத் தனி விதி உண்டு. 1988இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் பாறையேற்ற வீரர் வொல்ப்காங் குல்லிக் உருவாக்கிய கேம்பஸ் போர்டு, கால்களைத் தொங்கவிட்டு மரச்சட்டங்களில் கையால் மட்டுமே தாவி ஏறும் கருவி. 1991இல் அவர் ஏறிய ‘ஆக்‌ஷன் டிரெக்ட்’ போன்ற மிகக் கடினமான பாதைக்கு அது பொருத்தமான பயிற்சியாக இருக்கலாம், ஆனால் வளரும் எலும்புக்கு அன்று. விரல் நடுமூட்டருகே உள்ள வளர்தட்டு (எலும்பு நீளும் மென்மையான பகுதி) மூடும் முன் திரும்பத் திரும்பக் கடும் விசை விழுந்தால் அங்கே முறிவு ஏற்படக்கூடும். ஆகவே 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் அக்கருவியைத் தொடாமல், பல்வேறு பிடிகளில் சாதாரணமாக ஏறுவதே நல்லது. அவர்களின் விரல் நடுமூட்டில் வலி நீடித்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். நாற்பதைக் கடந்தவர்களோ கடினமான நாட்களுக்கு இடையே இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளலாம்; வாரத்தில் மூன்று நாளுக்குப் பதிலாகப் பத்து நாளில் நான்கு முறை என்று அமைத்துக்கொண்டால், கிழமைகளுக்குக் கட்டுப்படாமல் இடைவெளி கிடைக்கும். நோயாலோ பயணத்தாலோ சில வாரம் விட்டுப்போனவர்கள் திரும்பி வரும்போது, முதல் இரண்டு வாரம் பழைய அளவில் பாதியிலேயே ஏறி, கிரிம்ப் பிடிகளை மூன்றாம் வாரத்துக்கு ஒத்திவைக்கலாம்.